‘தமிழ்’ என்று எழுத 200 பைட்டா? ஹாஸ்கெல் மொழியின் ‘ஸ்ட்ரிங்’ சிக்கல் என்ன?

‘தமிழ்’ என்ற சொல்லை யுடிஎஃப்-8 முறையில் ஃபைலில் சேமித்தால் 15 பைட். அதையே ஹாஸ்கெல் நிரலாக்க மொழியில் ‘ஸ்ட்ரிங்’ ஆக மெமரியில் விரித்து வைத்தால், 64-பிட் கணினியில் 200 பைட் வரை போய்விடும். ஏன் இப்படி?

ஹாஸ்கெல்லில் ஸ்ட்ரிங் என்பது எழுத்துகளின் பட்டியல், அவ்வளவுதான். ரயில் பெட்டிகளைக் கோத்த மாதிரி. எழுத்து எங்கே, அடுத்த பெட்டி எங்கே என்ற விவரத்துக்கே பெட்டிக்கு 24 பைட். எழுத்துக்குத் தனியாக 16 பைட். ஆங்கில எழுத்துகளை ஜிஎச்சி கம்பைலர் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வதால் அந்த 16 மிச்சமாகும். தமிழுக்கு அந்தச் சலுகை கிடையாது.

லாபமும் உண்டு. பட்டியலுக்கான எல்லா ஃபங்ஷன்களும் அப்படியே வேலை செய்யும், முன்னால் ஓர் எழுத்தைச் சேர்ப்பதும் சுலபம். புதிதாகப் படிப்பவர்களுக்கு அருமை. ஜிபி கணக்கில் லாக் ஃபைல் படிக்கும் சர்வருக்கு? தாங்காது.

அங்கேதான் ‘டெக்ஸ்ட்’ வருகிறது. எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடுக்கும் வகை இது. ஆனால், ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் மொத்தத்தையும் நகல் எடுக்கும். இன்னொரு பொறியும் இருக்கிறது: பெரிய ஆவணத்தில் ஒரு சொல்லை வெட்டி வைத்தால், அந்தச் சொல் இருக்கும்வரை முழு ஆவணமும் மெமரியை விட்டுப் போகாது. ‘காப்பி’ ஃபங்ஷனை அழைத்துத் தனி நகல் எடுத்தால்தான் விடுதலை.

2021 இறுதியில் வந்த டெக்ஸ்ட் 2.0, யுடிஎஃப்-16 முறையைக் கைவிட்டு யுடிஎஃப்-8க்கு மாறியது. ஆங்கில எழுத்துக்கு 2 பைட் 1 ஆனது. தமிழுக்கு 2 பைட் 3 ஆனது. அப்போ நமக்கு நஷ்டமா? முழுக்கத் தமிழில் உள்ள நாவல் என்றால், ஆமாம், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இணையப் பக்கம் என்றால் கதை வேறு. எச்டிஎம்எல் குறிகள் ஆங்கில எழுத்துகள்தான். அவை பாதியாகச் சுருங்கும். நெட்வொர்க்கில் வரும் டேட்டாவும் பெரும்பாலும் யுடிஎஃப்-8 என்பதால் மாற்றும் வேலையும் மிச்சம்.

நீளக் கணக்கு மட்டும் மாறவில்லை. ‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்டால், டெக்ஸ்ட்டும் ஸ்ட்ரிங்கும் 5 என்கும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால். இன்னொரு ஃபங்ஷனல் மொழியான எலிக்ஸிர் 3 என்று சரியாகச் சொல்லும். ‘பெயர் 20 எழுத்துக்கு மேல் கூடாது’ என்று ஆன்லைன் படிவம் அடம்பிடிக்கும்போது, உள்ளே எந்தக் கணக்கு ஓடுகிறது என்பதைப் பொறுத்தே உங்கள் பெயர் முழுசாக ஏறும்.