கறுப்புக் காளானும் உம்மும்மாவின் மாத்திரையும்

சென்ற ரமழானுக்குச் சில நாட்களுக்கு முன்பு என் மாமியின் மகள், நான் ராத்தா என்று கூப்பிடுபவர், பம்பலப்பிட்டியிலுள்ள எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கற்றுகளோடு வந்தார். ஒன்றில் காய்ந்த பஞ்சு போல வெளிர்மஞ்சளாக ஏதோ இருந்தது. மற்றதில் கருகிய கடதாசித் துண்டுகள் போல. உம்மும்மா முதலாவதைத் தூக்கிப் பார்த்தார்.

"இது கடப்பாசிதானே மகள்? இதுக்கா இவ்வளவு சல்லி?"

அவரைக் குறை சொல்ல முடியாது. நோன்பு திறக்க நாம் காய்ச்சும் கடற்பாசியும் காய்ந்திருக்கும்போது அப்படித்தான் இருக்கும். ஆனால் அது கடலில் வளரும் பாசி. ராத்தா கொண்டு வந்தவை மரத்தில் வளரும் காளான்கள். தண்ணீரில் போட்டால் பல மடங்கு ஊதி, ஜெலி போல வழுவழுப்பாகும். சீனர்கள் வெள்ளையை 'வெள்ளிக் காது' என்பார்கள். தாமரை விதையும் கற்கண்டும் சேர்த்து இனிப்பு சூப் காய்ச்சுவார்கள். கறுப்பு, கொழும்புச் சீன உணவகங்களின் சூப்பில் மெல்லிய கீற்றுகளாக வரும். நாமும் பெயர் தெரியாமலே சாப்பிட்டிருப்போம்.

சாப்பாடாக இருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். ராத்தா அதை மருந்தாகக் கொண்டு வந்தார். வெள்ளை எனக்கு, முகம் பளபளக்க. அதில் 'தாவரக் கொலாஜன்' இருக்கிறதாம். கறுப்பு உம்மும்மாவுக்கு, இரத்தம் சுத்தமாக. எல்லாம் கைத்தொலைபேசியில் பார்த்தது. "இயற்கைதானே, ஒன்றும் செய்யாது" என்றார்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற எவருக்கும் முதல் கதை உடனே இடறும். கொலாஜன் விலங்குகளின் உடலில் உள்ள புரதம். காளானில் அது கிடையாது. காளான் தாவரமும் அல்ல. அந்த வழுவழுப்பு ஒரு வகைப் பல்சக்கரைட்டு. இதில் நட்டம் நம் பணத்துக்கு மட்டும்தான்.

இரண்டாவது கதைதான் என்னைப் பயமுறுத்தியது. உம்மும்மா இருதய நோய்க்காக நாளாந்தம் அஸ்பிரின் குடிப்பவர். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை அது. 1980இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேல் ஹாமர்ஷ்மிட் என்ற மருத்துவர், கறுப்பு மரக்காளான் சேர்த்த சீன உணவைச் சாப்பிட்டால் இரத்தச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவது குறைகிறது என்று ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். அப்படியானால் சீன நாட்டு வைத்தியம் சொன்னது வெறும் கதையல்ல. ஆனால் அதனால்தான் கவனம் வேண்டும். அஸ்பிரினும் செய்வது அதே வேலையை. ஒரே வேலையைச் செய்யும் இரண்டை, வைத்தியருக்குத் தெரியாமல் ஒரு வயோதிபருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? இயற்கை என்றால் ஒன்றும் செய்யாது என்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு: ஒன்றும் செய்யாதென்றால் அது எப்படி மருந்தாகும்?

ராத்தா மேல் எனக்குக் கோபமில்லை, அன்பில் கொண்டு வந்தார். ஆனால் நம் வீடுகளில் பெரியவர்கள் இப்படியான பொருட்களைப் பற்றி வைத்தியரிடம் சொல்வதில்லை. கேட்டால் ஏசுவார் என்று பயம். அடுத்த கிளினிக்குக்கு நான் கூடப் போய்ச் சொன்னேன். வைத்தியர் ஏசவில்லை. எப்போதாவது சூப்பில் நாலு துண்டு பரவாயில்லை, நாளாந்தம் மருந்து போல வேண்டாம் என்றார்.

சமைக்கிற உம்மாமாருக்கும் ஒன்று. இந்தக் காளான்களை இரவெல்லாம் வெளியே ஊற வைக்காதீர்கள். நம் கொழும்பு வெக்கையில் அதில் ஒரு வகைப் பக்றீரியா வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. சீனாவில் இதனால் உயிர்களே போயிருக்கின்றன. தேவையானதை மட்டும் ஊற வைத்து, அன்றே சமைத்துவிடுங்கள்.

வெள்ளைப் பக்கற்றை நாங்கள் வீணாக்கவில்லை. பேரீச்சம்பழமும் கற்கண்டும் போட்டு உம்மா காய்ச்சினார். தனக்கென்று ஒரு ருசியும் இல்லை, ஆனால் கடிக்க நன்றாக இருந்தது. உம்மும்மா இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, நாளைக்குக் கடப்பாசிக்கு றோஸ் வோட்டர் இருக்கிறதா என்று கேட்டார்.