மொறிஸ் மைனருக்கு அகல ரயர் எதுக்கு?

பழைய மொறிஸ் மைனரைத் திருத்தி, அகலமான ஸ்போர்ட்ஸ் ரயர் பூட்டி, பாப்பாமோட்டையால போற ஏ-32 வீதியில ஓட ஆசைப்படுற நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கோ. அந்தக் காருக்குப் பவர் ஸ்டியரிங் இல்லை. ரயர் அகலமானால் திருப்புறது பாரம். வளைவில மட்கார்ட்டிலயும் உரசலாம். 14 அங்குல றிம்முக்கு 145 அல்லது 155 அகல றேடியல் தாராளமாகக் காணும்.

அகலத்தைவிட வயதுதான் முக்கியம். ரயரின் பக்கத்தில நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால், 2019இன் 23ஆவது கிழமை செய்தது. பழைய கார் ஓடுறதைவிட நிக்கிறதுதான் கூட. தவாளிப்புத் தேய முதலே வெயிலில றப்பர் இறுகி வெடிச்சிடும். பார்க்கப் புதுசு மாதிரித்தான் இருக்கும். மழை றோட்டில பிரேக் அடிக்கேக்கதான் தெரியும். பின்னால இருக்கிற தங்கச்சியை ஸ்டைல் காப்பாற்றாது. காசிருந்தால் அகலத்துக்குக் குடுக்காதேங்கோ, புது றப்பருக்குக் குடுங்கோ.