நட்டவர் நட்டம் அடையலாமோ?

அசோக் நகர்த் தூணைக் கடந்தே நாள்தோறும் கல்லூரிக்கு வருகின்றேன். அதனைக் காணுந்தோறும், வழிநெடுக ஆலமரங்கள் நட்ட செய்தியைக் கல்லில் பொறித்து வைத்த அசோகப் பேரரசரின் நினைவு எழும். மக்களும் விலங்குகளும் நிழல் பெற வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். இன்றோ, மரத்தின் நிழலுக்கு அப்பாலும் ஒரு கணக்கு எழுதப்படுகின்றது. கரிம வரவு என்பது அதன் பெயர்.

மரம் வளர வளரக் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து, கரிமத்தைத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கின்றது. அவ்வாறு நீக்கப்பெறும் ஒரு டன் வாயு ஒரு கரிம வரவாகும். புகை கக்கும் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கித் தன் கணக்கை நேர்செய்துகொள்ளும். மரம் வளர்த்த உழவர்க்கு ஒரு பங்கு சேரும். நடுவண் வேளாண் அமைச்சகம் 2024 சனவரியில் இதற்கென ஒரு நெறிமுறையை வெளியிட்டது. மழை பொய்த்து நெல் கருகும் ஆண்டிலும் வரப்போரத் தேக்கு நின்று கைகொடுக்கும். ஆதலின் இம்முயற்சி வரவேற்கத்தக்கதே.

ஆயினும் ஒரு வினா எழுகின்றது. புயல் வந்து மரம் சாய்ந்தால் இழப்பு யாருடையது?

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னைத் தெருக்களின் நிழல் மரங்கள் வேரோடு வீழ்ந்தன. நமக்கு நிழல் போயிற்று, பிழைப்புப் போகவில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலோ, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் பல குடும்பங்களின் வாழ்வையே முறித்தது. நெல் அழிந்தால் அடுத்த போகம் உண்டு. 'பிள்ளை' என்றே பெயரிட்டு வளர்க்கும் தென்னை அழிந்தால், மறுபடி காய் காண ஐந்தாறு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும்.

கரிம ஒப்பந்தங்களோ இருபது, முப்பது ஆண்டுகளுக்கு நீள்வன. வீழ்ந்து மக்கும் மரம் தான் சேர்த்த கரிமத்தைக் காற்றுக்கே திருப்பித் தந்துவிடும். இதனை அறிந்தே பன்னாட்டுத் தர அமைப்புகள், வரவுகளில் ஒரு பகுதியை விற்காமல் பொதுச் சேமிப்பாக ஒதுக்கச் செய்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வாங்கியவரின் கணக்கைக் காக்குமேயன்றி, உழவரின் அடுப்பைக் காக்காது.

எனவே, ஒப்பந்தம் தமிழில் அமைதல் வேண்டும். இயற்கைச் சீற்றத்தால் மரம் அழிந்தால், பெற்ற பணத்தைத் திருப்பிக் கேட்டல் ஆகாது. மறுநடவுச் செலவையும் நிறுவனமே ஏற்றல் வேண்டும். மகள் திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ ஒரு மரத்தை வெட்டி விற்கும் உரிமை எஞ்சுமா என்பதும் தெளிவாக எழுதப்படல் வேண்டும். கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் திருமறை, அதன் வாசகத்தைக் கடன்படுபவரே சொல்லட்டும் என்றும், அவர் இயலாதவராயின் அவர்தம் பொறுப்பாளர் நீதியுடன் சொல்லட்டும் என்றும் நெறி வகுத்துள்ளது. எழுத்து எளியவர் பக்கம் நிற்க வேண்டும் என்பதன்றோ இதன் உட்பொருள்?

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். உங்கள் ஊருக்கும் இத்தகைய ஒப்பந்தத் தாள் ஒருநாள் வரலாம். தந்தையார் கையொப்பமிடுமுன் அதனை வரிவரியாகப் படித்துப் பொருள் சொல்லுங்கள். புரியாத வரிக்கு விளக்கம் கேளுங்கள். நீங்கள் கற்ற தமிழுக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.