ரப்பர் தோட்டத்தில் ஒரே ரகத்தை நம்பலாமா?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையால், பேச்சிப்பாறை வட்டாரங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் ரப்பரை வைத்துக் குடும்பம் நடத்துவோர் ஏராளம். பழைய மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்யும்போது, நாற்றுப் பண்ணையில் இவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி "நூற்றைந்து இருக்கிறதா?" என்பதுதான். இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. அதற்குக் காரணம் இலை நோய்.

ரப்பர் பால் சுரப்பது பட்டையில் என்றாலும், அதற்கு வேண்டிய சர்க்கரையைத் தயாரிப்பது இலைதான். இலை உதிர்ந்த மரம், சேமித்து வைத்த சத்தைச் செலவழித்துப் புதுத் தளிர் விடுகிறது. அந்தத் தளிரையும் பூசணம் தாக்கினால் நுனிக் கிளைகள் காய்ந்து, பால் குறைந்துவிடும். இளங்கன்றுகளாக இருந்தால் தண்டு பருக்காமல், ஏழாம் ஆண்டில் பால் வெட்டத் தொடங்க வேண்டிய தோட்டம் மேலும் காத்திருக்க நேரிடும்.

ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 நல்ல ரகம் என்பதில் ஐயமில்லை. கோட்டயத்திலுள்ள ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980 ஆம் ஆண்டு வெளியிட்ட இந்த ரகம், சிறு விவசாயிகளின் வருமானத்தை உயர்த்தியது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இது ஒட்டுக் கன்று. ஒரே தாய் மரத்தின் மொட்டிலிருந்து வழிவழியாக வந்தவை என்பதால், தோட்டத்து மரங்கள் அத்தனைக்கும் ஒரே குணம். ஒரு மரத்தை வீழ்த்தக் கற்றுக்கொண்ட பூசணத்திற்கு அடுத்த மரமும், அடுத்த வீட்டுத் தோட்டமும் திறந்த கதவுதான்.

இலங்கை கற்ற பாடம்

இலங்கையின் அனுபவம் நமக்குப் பாடமாக இருக்க வேண்டும். அந்நாட்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற ரகம் மிகுந்த பால் தரக்கூடியது. விவசாயிகள் விரும்பி நட்டார்கள். 1980களின் நடுவில் கொரினெஸ்போரா என்ற பூசணம் அதைத் தாக்கியது. இலை நரம்புகள் மீன் முள்ளைப் போலக் கறுத்து, இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. மருந்து தெளித்துக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் அந்த ரகத்தைப் பரிந்துரையிலிருந்தே நீக்கினார்கள். பாலுக்காகக் காத்திருந்தவர்கள் மரங்களைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

இதே பூசணம் நம் நாட்டிற்கும் புதிதல்ல. நெடுங்காலம் நாற்றங்கால் நோயாகவே கருதப்பட்ட இது, 1990களின் பிற்பகுதியில் கர்நாடகத்தின் தென் கன்னட மாவட்டத்தில் வளர்ந்த தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. அதிகம் பாதிக்கப்பட்டவை நூற்றைந்து மரங்களே.

இப்போது வேறொரு இலை நோயும் அச்சுறுத்துகிறது. இலையில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, இலைகள் பெருமளவில் உதிர்கின்றன. இந்தோனேசியாவில் 2016 ஆம் ஆண்டிலும், மலேசியாவில் 2017 ஆம் ஆண்டிலும், இலங்கையிலும் தாய்லாந்திலும் 2019 ஆம் ஆண்டிலும் பெரிதாக வெளிப்பட்ட இந்நோய், கேரளத்திலும் காணப்பட்டிருக்கிறது. சாம்பல் நோய் போன்றவை இளந்தளிரைத் தாக்கும். இதுவோ முற்றிய இலையையும் விடுவதில்லை. ஆகவே "தளிர்ப் பருவம் தாண்டிவிட்டது, இனிக் கவலையில்லை" என்று இருந்துவிட முடியாது.

கலந்து நட்டால் இந்நோய் வராது என்று சொல்வதற்கில்லை. பல ரகங்களை இது தாக்குகிறது. ஆனால் எல்லா ரகமும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் விழுவதில்லை. ஒரு பகுதி மரங்கள் நின்றால் அந்த ஆண்டு அடுப்பு எரியும். பல ரகம் நடுவதை மருந்தாகக் கருதாமல் காப்பீடாகக் கருத வேண்டும்.

"அரை ஏக்கரில் எத்தனை ரகம் நடுவது?" என்று விவசாயிகள் கேட்பது நியாயம்தான். ஏக்கருக்குச் சுமார் 180 மரங்கள் நிற்கும். ஒரு ஏக்கர் உள்ளவர் இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு ரகம் நடலாம். மரத்துக்கு மரம் மாற்றி நட வேண்டாம். வேகமாக வளரும் ரகம் மற்றதை அமுக்கிவிடும். பால் வெட்டுக்கும் சிரமம். அரை ஏக்கர் உள்ளவர்கள் பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசி, ஆளுக்கொரு ரகம் என்று முடிவு செய்யலாம். பூசண வித்து காற்றிலும் மழைச் சாரலிலும் பரவுவது. வேலியைப் பார்த்து நிற்காது. ஊர் முழுதும் கலந்திருந்தால் ஊர் முழுதுக்கும் பாதுகாப்பு.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. ஆர்.ஆர்.ஐ.ஐ. 414, 417, 422, 430 ஆகிய 400 வரிசை ரகங்கள் அனைத்தும் நூற்றைந்துக்கும் ஆர்.ஆர்.ஐ.சி. 100 என்ற ரகத்துக்கும் பிறந்த உடன்பிறப்புகள். இவற்றை மட்டும் கலந்து நட்டால் ஒரே குடும்பத்தையே நட்டதாகும். ஜி.டி. 1, பி.பி. 260 போன்ற வேறு வழி வந்த ரகங்களில் நம் மண்ணுக்கு ஏற்றது எது என்று ரப்பர் வாரிய அலுவலர்களிடம் கேட்டு, அதையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

நாற்றுப் பண்ணைக்காரர் விற்பனையாகும் கன்றைத்தான் வளர்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மறுநடவுக்கு ஓராண்டுக்கு முன்பே, ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் வழியாக, இன்னின்ன ரகத்தில் இத்தனை கன்று வேண்டும் என்று சொல்லி வைக்க வேண்டும். அரசும் வாரியமும் மறுநடவு உதவியை ரகக் கலப்போடு இணைத்து, பல ரகக் கன்றுகளும் கிராமத்திலேயே கிடைக்க வழி செய்ய வேண்டும். சொற்ப நிலம் உள்ளவனிடம் கலந்து நடச் சொல்லிவிட்டு, பண்ணையில் ஒரே ரகத்தை வைத்திருந்தால் யாருக்கு என்ன லாபம்?

தெளிப்பு வேலையும் இப்படிக் கூட்டாக நடக்க வேண்டியதே. பருவமழைக்கு முன் தாமிர மருந்து தெளிப்பதும், தளிர்ப் பருவத்தில் சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவுவதும் தனியொருவர் செய்தால் பாதிப் பலன்தான். தாமிர மருந்து தெளிக்கும்போது பால் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க மறக்கக் கூடாது. பாலில் தாமிரம் கலந்தால் ஷீட்டின் தரம் கெட்டுவிடும்.

ரப்பர் ஒரு முறை நட்டால் 25, 30 ஆண்டு நிற்கும் பயிர். நெல்லைப் போல அடுத்த போகத்தில் ரகம் மாற்றிக்கொள்ள இடமில்லை. குழி எடுக்கும் நாளில் செய்யும் முடிவு பிள்ளைகள் காலம்வரை தொடரும். ஆகவே இந்த ஆண்டு மறுநடவு செய்யவிருக்கும் விவசாயிகள், கன்று வாங்கப் புறப்படும் முன் பக்கத்துத் தோட்டங்களில் என்ன ரகம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும்.