இலவசத்தோடு ஒட்டி வருபவை



பிழைப்பின் நிமித்தம் ஊரைவிட்டு வந்திருக்கும் நம் இல்லங்களில் பிள்ளைகளின் படிப்பு, வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு யாவும் பெரும்பாலும் ஒரே கணினியில்தான் நடைபெறுகின்றன. அதில் ஓர் இலவச மென்பொருளை நிறுவிய மறுநாள் முகப்புப் பக்கம் தானாக மாறியிருக்கிறதா? விளம்பரமே இல்லாத தளங்களிலும் விளம்பரங்கள் முளைக்கின்றனவா? முன்பின் அறியாத கருவிப்பட்டை உலாவியில் அமர்ந்திருக்கிறதா? ‘ஆட்வேர்’ எனப்படும் விளம்பர நிரல் உள்ளே நுழைந்திருக்கக்கூடும்.

இலவச மென்பொருளை விநியோகிப்போர் சிலர், அதனோடு வேறொரு நிரலையும் சேர்த்துக் கட்டி அனுப்புகின்றனர். அந்நிரல் நிறுவப்படுவதைப் பொறுத்து அவர்களுக்குப் பணம் கிடைக்கிறது. புகழ்பெற்ற தளங்களும் இதற்கு விலக்கல்ல. ‘சோர்ஸ்ஃபோர்ஜ்’ தளம் 2013-இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. இதையும் ஏமாற்றுப் பொத்தான்களையும் கண்டு, ‘கிம்ப்’ என்னும் படத்தொகுப்பு மென்பொருளை உருவாக்குவோர் அவ்வாண்டே வெளியேறினர். ஆயினும் 2015-இல் அவர்களுடைய சம்மதமின்றியே அம்மென்பொருள் விளம்பரச் சேர்க்கையோடு அங்கே வழங்கப்பட்டது. 2016-இல் தளம் கைமாறியபின் புதிய உரிமையாளர்கள் அத்திட்டத்தை நிறுத்தினர்.

நீக்கும் வழி இதுவே. விண்டோஸில் ‘செட்டிங்ஸ்’ சென்று, ‘ஆப்ஸ்’ பட்டியலை நிறுவிய தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளில் வந்த அறிமுகமில்லாதவற்றை ‘அன்இன்ஸ்டால்’ செய்யுங்கள். அடுத்து, உலாவியின் ‘எக்ஸ்டென்ஷன்’ பகுதியில் நீங்கள் சேர்க்காதவற்றை அகற்றி, முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் பழையபடி அமையுங்கள். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்றுள்ள அந்நியத் தளங்களையும் நீக்குங்கள். பின்னர் ‘மால்வேர்பைட்ஸ்’ நிறுவனத்தின் இலவச ‘ஆட்வ்கிளீனர்’ கொண்டு சோதித்து, கணினியை மறுபடி இயக்குங்கள். அதையும் அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுங்கள். இவை முடியும்வரை அக்கணினியில் வங்கிப் பரிமாற்றம் வேண்டாம். முடிந்தபின் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள்.

‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் தோன்றினால் ஒருபோதும் அழைக்காதீர்கள். அது விரிக்கப்பட்ட வலை. ஏற்கெனவே பணம் பறிபோயிருந்தால், தாமதியாமல் 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளியுங்கள்.

இனி எதை நிறுவினாலும் அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே பெறுங்கள். ‘எக்ஸ்பிரஸ்’ என்பதை விடுத்து ‘கஸ்டம்’ என்பதைத் தெரிவு செய்து, முன்கூட்டியே இடப்பட்டிருக்கும் குறிகளை எடுத்துவிடுங்கள். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று வாசியாமல் அழுத்திச் செல்வதே இந்நிரல்களுக்கு நாம் திறந்துவிடும் வாசல். வீட்டில் கணினியைக் கையாளும் பிள்ளைகளுக்கும் இதனைப் பொறுமையோடு சொல்லிக்கொடுங்கள்.