உடம்பு அம்பாசிடர்... உயிர் யாருடையது?

திருநெல்வேலிச் சீமையில் ஒரு வீட்டின் அந்தஸ்தை அளக்க ஒரு காலத்தில் மூன்றே அளவுகோல்கள்தான். ஆற்றுப் பாசனத்தில் எத்தனை கோட்டை விதைப்பாடு, கோயில் கொடையில் எத்தனாவது மரியாதை, வாசலில் 'பிளஷர்' நிற்கிறதா இல்லையா. பிளஷர் என்றால் கார். கார் என்றால் அம்பாசிடர். இன்றைக்கு விதைப்பாடெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. மரியாதை கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது. பிளஷர் மட்டும் பல வீடுகளில் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது.

இந்தத் தூங்குமூஞ்சிகளைத் தட்டியெழுப்ப ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. எல்லாம் நம்ம செட்டுதான். வயசு முப்பதைச் சுற்றி. வார நாட்களில் ஆபீஸ், கம்ப்யூட்டர், மேனேஜரின் திருமுகம். ஞாயிற்றுக்கிழமையானால் தாத்தா கார், கையெல்லாம் கிரீஸ். "இதை ரெடி பண்ணி குற்றாலம் போகணும் பாஸ்!" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த வாக்கியம் நிச்சயமாக இதுதான்: "பேசாம இன்ஜினையே மாத்திட்டா என்ன?"

மாற்றலாமா, கூடாதா? இதைக் கேட்டு ஒரு வீட்டில் அப்பாவும் பிள்ளையும் மூன்று மாதம் பேசாமல் இருந்த கதை எனக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையைத் தாண்டி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே வந்து நின்றது. ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த என் நண்பர் வீட்டு அம்பாசிடர், பானெட் மூழ்க இரண்டு நாள் தீர்த்தமாடியது.

தண்ணீர் வடிந்ததும் நண்பர் சொன்னார்: "அப்பா, இந்த இன்ஜின் அவ்வளவுதான். நல்ல டீசல் இன்ஜினா ஒண்ணு தூக்கி வச்சிருவோம்."

அப்பா ரிட்டயர்டு வாத்தியார். "ஏலே, ஆளையே மாத்திட்டு அதே பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுதியா?" என்றார். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. அம்மா வழியாகத்தான் தூது!

வாத்தியார் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. ஆனால் அம்பாசிடரின் ஜாதகத்தைப் புரட்டினால் பதில் வேறு மாதிரி இருக்கிறது.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் அச்சைக் கொண்டுவந்து, மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-ல் ஆரம்பித்து வைத்த வண்டி இது. பிறந்தபோது இருந்த சைடு வால்வ் இன்ஜினைக் கழற்றிவிட்டு, 1959-ல் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினை வைத்தார்கள். 1980-ல் டீசல் வந்தது. 37 குதிரை சக்தி. (அத்தனை குதிரைகளும் வயசானவை என்பது ஓட்டியவர்களின் அபிப்பிராயம்.) தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஜப்பான் இசுஸுவின் 1800 சி.சி. இன்ஜின், கூடவே 5 கியர். 2014 மே மாதம் தொழிற்சாலை நிற்கும் வரை, வெளியே அதே உருண்டைப் பூசணிக்காய் உடம்பு. உள்ளே மட்டும் ஆள் மாறிக்கொண்டே இருந்தது!

அம்பாசிடர் மட்டுமா? பிரீமியர் 118 என்.இ. என்று ஒரு கார் எண்பதுகளில் வந்ததே, ஃபியட் 124 உடம்பு, நிஸான் இன்ஜின். அந்த 'என்.இ.' என்பதே நிஸான் இன்ஜின் என்பதன் சுருக்கம்தான். கான்டெஸாவும் அப்படியே. 1984-ல் வந்தபோது அவ்வளவு பெரிய உடம்புக்கு அம்பாசிடரின் ஒன்றரை லிட்டர் இன்ஜின். பயில்வானுக்குப் பால்வாடிக் குழந்தையின் இதயம் மாதிரி. அதற்கும் பிறகு இசுஸுவே வந்து மானத்தைக் காப்பாற்றியது.

காப்பாற்ற முடியாமல் போனதும் உண்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒன்றை விட்டது. பார்க்க ராஜா. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு. அந்த ஊரில் அதற்கு 3.5 லிட்டர் வி-8 இன்ஜினெல்லாம் உண்டு. இங்கே வைத்ததோ, பழைய வேன்கார்டு வம்சத்து 2 லிட்டர் இன்ஜின். மூன்று வருஷத்தில் கதை முடிந்தது. உடம்புக்கும் உயிருக்கும் பொருத்தம் பார்க்காத கல்யாணம்!

பொருத்தம் சரியாக அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கரோல் ஷெல்பி உதாரணம். 1962-ல் அவர் ஏ.ஸி. ஏஸ் என்ற சின்ன பிரிட்டிஷ் காரில் ஃபோர்டு வி-8 இன்ஜினை வைத்தார். அதுதான் கோப்ரா. இன்று கோடிக்கணக்கில் ஏலம் போகிறது.

ஆக, இன்ஜின் மாற்றுவது பாவமில்லை. ஆனால் பத்துப் பொருத்தமும் பார்க்க வேண்டும்.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார். அவரிடம் "இன்ஜின் மாத்தணும்" என்று போய் நின்றால், டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வரிசையாகக் கேள்வி கேட்பார். "புது இன்ஜின் எவ்வளவு கனம்? கனம் ஜாஸ்தின்னா முன்பக்க ஸ்பிரிங் தாங்குமா? ஆயில் சம்ப் கீழே கிராஸ் மெம்பர்ல இடிக்குமா? மவுண்டிங் எங்கே வெல்டு பண்ணப் போறீய? கிளட்ச், கியர் பாக்ஸ் எல்லாம் இதுக்கு உள்ளதா, அதுக்கு உள்ளதா? கியர் பாக்ஸ் நீளம் மாறினா பின்னால போற ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் பண்ணணுமே, பண்ணுவியளா? ரேடியேட்டர் பத்துமா?"

இதெல்லாம் பயமுறுத்தல் இல்லை. டீசல் இன்ஜின் குறைந்த சுற்றில் இழுக்கும் ஜாதி. பெட்ரோலுக்காகக் கணக்குப் பண்ணிய கிரவுன் பல்லோடு அதை ஓட்டினால், டாப் கியரில் அறுபதிலேயே கத்த ஆரம்பித்துவிடும். இப்போதைய பெட்ரோல் இன்ஜின் என்றால் இன்னும் தமாஷ். அதற்கு கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் பம்ப் வேண்டும், மிச்சத்தைத் திரும்ப டேங்குக்கு அனுப்ப ஒரு குழாய் வேண்டி வரலாம், எல்லாவற்றையும் மேய்க்க ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும் வேண்டும். நாலு ஒயரில் வாழ்ந்த காருக்குள் நாற்பது ஒயர் போகும்.

"இன்ஜின் வாங்குத துட்டு ஒரு பங்குன்னா, அதை உட்கார வைக்குத துட்டு ரெண்டு பங்கு தம்பி" என்பது அண்ணாச்சி வாக்கு.

அவர் கடைசியாகக் கேட்கும் கேள்விதான் முக்கியம்: "எல்லாம் சரி. நிப்பாட்டுறது எப்படி?"

நம்ம பசங்க கோட்டை விடும் இடம் இது. பழைய அம்பாசிடரில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். அந்தக் கால வேகத்துக்குச் செய்தது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. 40-ல் போனதை 80-ல் விரட்டி, பழைய பிரேக்கையே மிதித்தால் என்ன ஆகும்? பாபநாசத்துக்கு மேலே காரையாறு வரை ஏறிவிட்டு இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு வளைவிலும் மிதிக்க மிதிக்க டிரம் சூடாகி, பிடிப்பு குறைந்துகொண்டே வரும். புது இன்ஜின் ஏற்றத்தில் உங்களைச் சந்தோஷப்படுத்தும். இறக்கத்தில் உங்கள் வீட்டுக்காரியைத்தான் சோதிக்கும். பின்னாளில் வந்த அம்பாசிடர் மாடல்களில் கம்பெனிக்காரனே முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தான் என்பதைக் கவனிக்கவும். இன்ஜினுக்கு ஒரு ரூபாய் ஒதுக்குகிறவர்கள் பிரேக்குக்கு முதலில் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது சர்க்கார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவு. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கும் கம்பெனி செய்த அமைப்புக்கும் மாறாக நீங்கள் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மாறுதல் செய்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்துப் பதிய வேண்டும். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. அதனால் இன்ஜினைத் தூக்குவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் போய்க் கேளுங்கள், தூக்கிய பிறகு இல்லை. 15 வருஷம் தாண்டிய காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு தரம் ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது இன்ஸ்பெக்டர் பார்ப்பதே இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும்தான். நம்பர் ஒத்துப்போகாத வண்டி எவனையாவது இடித்துவிட்டால், இன்ஷூரன்ஸ்காரர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு விசேஷமானது.

பழைய இன்ஜின் வாங்கும்போது பில் அவசியம். அது எந்த வண்டியிலிருந்து கழற்றியது, அந்த வண்டியின் ஆர்.சி. என்ன ஆனது என்று தெரியாமல் வாங்கினால், ஒருநாள் நீங்கள் ஓட்டுவது திருட்டு வண்டியின் இதயமாக இருக்கலாம்.

இன்னொரு சமாச்சாரம். 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு என்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயசு தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். நம்பரில் 'வி.ஏ.' என்று அடையாளம். கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினசரி ஆபீசுக்கு முடியாது. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு இந்தக் கௌரவம் கிடையாது. உங்கள் தாத்தா கார் அறுபதுகளில் பிறந்தது என்றால், இன்ஜினைக் கழற்றும் அன்றைக்கே அந்தக் கௌரவத்தையும் கழற்றிவிடுகிறீர்கள்.

கடைசியாகக் கணக்கு. அடியேன் பி.காம். ஆகையால் இதைச் சொல்லாவிட்டால் பட்டத்தைத் திருப்பிக் கேட்பார்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 10 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 10 ரூபாய். டீசல் 92 ரூபாய், 14 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு சுமார் 6 ரூபாய் 57 பைசா. மிச்சம் 3 ரூபாய் 43 பைசா. மாற்ற ஆன செலவு ஒன்றரை லட்சம் என்றால், அதை எடுக்க சுமார் 43,700 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கார் வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடினால் பெரிய விஷயம். ஆக, கிட்டத்தட்ட 22 வருஷம்! டிராவல்ஸ் கார் தினம் ஓடியது, அந்தக் காலத்தில் டீசலுக்கு மாறியவர்களுக்குக் கணக்கு சரியாக வந்தது. ஆபீஸ் போகிற உங்களுக்கு 'மைலேஜுக்காக மாத்துறேன்' என்ற வாதம் செல்லாது. ஆசைக்காக மாற்றுகிறேன் என்று சொல்லுங்கள், மரியாதையாவது மிஞ்சும்.

வாத்தியார் வீட்டுக் கதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அண்ணாச்சிதான் பஞ்சாயத்து. வந்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி வடிஞ்சப்புறம் யாராவது சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியளா?" இல்லை என்றார்கள். "அப்போ பிழைச்சிட்டு" என்றார்.

விஷயம் இதுதான். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால், மேலே வரும் பிஸ்டன் முட்டிக்கொண்டு கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நிறுத்தியிருந்தபடியே மூழ்கிய வண்டியை யாரும் தொடாமல் விட்டால், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் முழுக்க வடித்து, பிரித்து மேய்ந்து சரி செய்துவிடலாம். அப்படித்தான் ஆனது. சேறு கழுவி, ரீபோர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டினார்கள். பிறந்த இன்ஜினே மறுபடி பேசியது. மகன் ஆசைக்கு, பிரேக்கை முழுசாக மாற்றிக் கொடுத்தார் அப்பா. இப்போது வீட்டில் தூது வேலை இல்லாமல் அம்மாவுக்குத்தான் பொழுது போகவில்லையாம்.

எல்லா வீட்டிலும் இதே தீர்ப்பு வர வேண்டியதில்லை. சிலிண்டர் பிளாக் வெடித்துப்போன கார், துருப்பிடித்து இறுகிப்போன இன்ஜின், ஸ்பேர் கிடைக்காத மாடல் என்றால் தாராளமாக வேறு இன்ஜின் வைக்கலாம். தார்ப்பாய்க்குள் மக்கிப் போவதைவிட, மாற்று இதயத்தோடு ரோட்டில் ஓடுவது எவ்வளவோ மேல். வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் பழைய இன்ஜின் நிஜமாகவே செத்துவிட்டதா என்று பார்ப்பது, அப்புறம் பிரேக், அப்புறம் ஆர்.டி.ஓ., கடைசியில் புது இன்ஜின். நம் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். முதலில் ஹாரன் வாங்குகிறார்கள்!