தென்கரையில் அறிவு, வடகரையில் வெள்ளம்: ஒரு கொள்கைப் பிரகடனம்

சென்னையின் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் குடியிருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், தினமும் வேலைக்கு வந்துபோகிறவர்கள் என்று பல தரப்பினரும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கொள்கை ஒன்றுதான். எங்கள் தெருவைப் பற்றி, எங்கள் வரிப்பணத்தில், பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் எதைக் கண்டறிந்தாலும் அது எங்கள் தெருவுக்குத் திரும்பி வரவேண்டும். புரிகிற தமிழில் வரவேண்டும். பள்ளம் தோண்டுவதற்கு முன்பே வரவேண்டும்.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் லெட்டர்பேடு வரும், லெட்டர்பேடு வந்தால் தலைவர் பதவிக்குப் போட்டி வரும். வேலை கொஞ்சம் நடக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மத்திய கைலாஷிலிருந்து கிண்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். ஒருபுறம் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், மறுபுறம் ஐஐடி, சற்றுத் தள்ளி அண்ணா பல்கலைக்கழகம். தரமணிக்குத் திரும்பினால், கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று மேடையிலேற்றி உலுக்கிப் பார்க்கிற கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம். பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம். எல்லாம் அடையாற்றுக்குத் தெற்கே. கோட்டூர்புரம் பாலம் ஏறி இறங்கி, நந்தனம் தாண்டினால் தி.நகர். பெரிய மழை பெய்தால் அங்கே முழங்கால் தண்ணீர். பஸ்ஸில் கால்மணி, அரைமணி நேரத்தில் கடக்கிற இந்தத் தூரத்தை ஓர் ஆய்வு முடிவு கடப்பதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன?

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794-ல் இருக்கிறது. மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளி அது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆள் வேண்டும், அளந்தால்தான் வரி போட முடியும். அன்றைக்கு அளக்கப்பட்ட நிலத்துக்காரனுக்கு அளவின் பலன் வரிச்சீட்டாக மட்டுமே வந்தது. கம்பெனி போய்விட்டது, கல்லூரி 1920-ல் கிண்டிக்கு வந்தது, 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் பிறந்தது. அளக்கிறவர்கள் ஒரு பக்கம், அளக்கப்படுகிறவர்கள் ஒரு பக்கம் என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் முச்சந்தியில் கையில் கவுன்ட்டரோடு நின்று வண்டிகளை எண்ணுகிற மாணவர்களைப் பார்க்கிறோம். மாடிக்கு வந்து வெப்பமானி வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த எண்கள் எங்கே போயின என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. வா.செ. குழந்தைசாமியை நினைத்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1980களில் இருந்தவர், எழுத்துச் சீர்திருத்தம் பேசியவர், குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவர் என்று தமிழ் வாசகர்களுக்கு அவரைத் தெரியும். நீரியல்காரர்களுக்குத் தெரிந்த குழந்தைசாமி வேறு. 1964-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு, ஒரு வடிநிலத்தில் விழுகிற மழை எவ்வளவு வேகத்தில், எந்த அளவில் ஓடும் நீராக மாறுகிறது என்பதைப் பற்றியது. அதில் பிறந்த கணித மாதிரி அவர் பெயராலேயே வழங்குகிறது. மழையை உள்ளே கொடுத்தால் வெள்ளத்தை வெளியே சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர் தமிழில் எழுதத் தயங்காதவர். 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் கற்பிக்கிறது. ஆக, பொறியியலைத் தமிழில் சொல்ல முடியாது என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

அந்தக் கணக்கைத் தி.நகர் மேல் வைத்துப் பார்ப்போம். நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1920களில், நீண்ட ஏரி ஒன்றைத் தூர்த்து எழுப்பிய ஊர் இது. பனகல் பூங்கா, உஸ்மான் சாலை என்று எங்கும் அந்தக் கால அரசியல்வாதிகளின் பெயர்கள். நுங்கம்பாக்கத்தில் ஏரிப்பகுதி என்று சொல்கிற இடம் அந்த ஏரியின் மிச்ச ஞாபகம். ஏரி போனாலும் பள்ளம் போகவில்லை. பள்ளத்துக்கு வருகிற தண்ணீர் மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்குப் போகவேண்டும். மண் தரை இருந்த இடமெல்லாம் சிமெண்ட் ஆகிவிட்டதால், முன்பு மெதுவாக வந்து சேர்ந்த நீர் இப்போது ஒரே மூச்சில் வருகிறது. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் வடியாமல் நின்றபோது, கால்வாயில் நடந்த வேலைகளின் இடிபாடு அடைத்துக்கொண்டதுதான் காரணம் என்று ஊரே பேசியது. பேச்சு சரியா தவறா என்று தீர்த்துச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். தெருவுக்கு வந்து விளக்கியவர் யாருமில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு வெ. திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு குழு போட்டது; 2023-ல் அறிக்கை கொடுத்தார்கள். அப்படிப்பட்ட அறிக்கைகளில் எங்கள் தெருவைப் பற்றிய பக்கம் எங்கள் கைக்கு வரவேண்டும் என்பதுதான் நாங்கள் கேட்பது.

2015 டிசம்பர் 1-ஐ யாரும் மறக்கவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரையைத் தாண்டிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. அதன் விளைவாகச் சென்னைக்கென்று ஒரு வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு உருவாயிற்று. மும்பை ஐஐடி முன்னின்றது. சென்னை ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து உழைத்தன. 2019 முதல் அது பள்ளிக்கரணை மையத்தின் பொறுப்பில் இருக்கிறது. எந்தப் பகுதியில் எவ்வளவு நீர் நிற்கும் என்று முன்கூட்டியே வரைபடத்தில் காட்டக்கூடிய நல்ல கருவி. இப்போது ராஜா அண்ணாமலைபுரத்துக் குடியிருப்பின் வாட்ச்மேனைக் கேளுங்கள், அப்படியொன்று இருப்பது தெரியுமா என்று. அடித்தளத்திலிருக்கும் மோட்டாரை அணைத்து, காரையெல்லாம் மேலே ஏற்றச் சொல்லவேண்டியவர் அவர்தான். முன்னறிவிப்பு போய்ச் சேரவேண்டிய கடைசி மனிதரும் அவரே.

நல்ல உதாரணங்களும் இருக்கின்றன. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைத் துருவிச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும், அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கும், நீர் உள்ளே இறங்காது என்று கண்டார். ஆய்வகத்தோடு அது நிற்கவில்லை. 2002-லேயே நுங்கம்பாக்கத்தில் ஜம்புலிங்கம் தெருவில் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளம், வெயில், லாரி எல்லாம் தாங்கிப் பல ஆண்டுகள் அந்தச் சாலை குழி விழாமல் கிடந்தது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தேய்மானத்தில் நுண்பிளாஸ்டிக் எவ்வளவு கழிகிறது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அதையும் அதே தெருவில் வைத்தே அளக்கட்டும்.

இன்னொன்று பெசன்ட் நகரில் நடந்தது. இயற்பியல் படித்த சேகர் ராகவன், 1995 வாக்கில் வீடு வீடாகப் போய், மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள், மண்ணுக்குள் விடுங்கள், இல்லாவிட்டால் கடல் உப்பு உங்கள் கிணற்றுக்கு வரும் என்று சொல்லத் தொடங்கினார். அன்றைக்குக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர். 2002-ல் மந்தைவெளியில் மழை இல்லம் திறந்தார்கள். அங்கே போய் மாதிரிகளைப் பார்த்து, என் வீட்டு மண்ணுக்கு எது சரி என்று யாரும் கேட்கலாம். 2003-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அறிவு முதலில் தெருவில் நடந்து, பிறகு சட்டமாக எழுந்த வரிசையைக் கவனியுங்கள். எங்களுக்குப் பிடித்த வரிசை அது.

எதிர் உதாரணத்துக்குத் தூரம் போகவேண்டாம். பறக்கும் ரயில். 1995-ல் சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர் வரை, 2007-ல் வேளச்சேரி வரை வந்தது. நிலம் எடுக்கிற தொல்லை இல்லையென்று தூண்களைப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறக்கினார்கள். 1877-78 தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்குக் கஞ்சி வாங்கியவர்கள் வெட்டியது கால்வாயின் இந்த நகரப் பகுதி. படகு போன வழி, வெள்ளம் வடிகிற வழி, இரண்டும் தூணுக்குப் பலி. மேலே மண்டபம் போன்ற இருட்டு நிலையங்கள். கீழே பஸ் ஸ்டாண்டுக்குப் போக வழி தேடவேண்டும். போக்குவரத்து, நீர், கட்டடம் மூன்றும் தனித்தனித் துறைகளாக இருந்தால் தெருவில் என்ன விளையும் என்பதற்கு லஸ் மூலையில் நின்று மேலே பார்த்தால் போதும்.

இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டம் கச்சேரி சாலைக்கும் பனகல் பூங்காவுக்கும் அடியில் போகிறது. திருமயிலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வழித்தடங்கள். இந்த முறையாவது, நிலையத்திலிருந்து வெளியே வருகிறவர் எந்தப் பிளாட்பாரத்தில் நடப்பார் என்பதையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான கொள்கை ஒன்றை ஏற்று, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் அதற்கே என்று எழுதியது. 2019-ல் பாண்டி பஜார் நடைபாதை வளாகமும் 2023-ல் மாம்பலம் ரயில் நிலைய ஆகாய நடைபாதையும் வந்தன. நல்லதுதான். அவற்றால் யாருக்கு நேரம் மிச்சமானது, யாருக்கு வியாபாரம் போனது, தலையில் கூடை வைத்திருக்கிற பூக்காரம்மா எங்கே உட்காருகிறார் என்ற கணக்கு எங்களுக்கு வந்துசேரவில்லை.

வீட்டு விஷயம் இன்னும் அவசரம். அடையாற்றிலும் தி.நகரிலும் பழைய மூன்று மாடிக் குடியிருப்புகளை இடித்து, கீழே கார் நிறுத்தும் இடம் விட்டு, ஐந்து மாடி எழுப்புகிறார்கள். பெசன்ட் நகர்க் காற்றில் உப்பு. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்து வீங்கும். வீங்கிய கம்பி கூரையின் காரையைப் பெயர்த்துத் தலையில் போடும். ஐஐடி ஆய்வகம் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்சி3 என்ற சிமெண்டில் உப்பு நுழைவது வெகு மெதுவாகத்தான் என்று காட்டியிருக்கிறார்கள். 2023-ல் இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது. ஆனால் சாஸ்திரி நகர் மேஸ்திரிக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. அது போகட்டும், கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சரியான கவர் பிளாக் வைக்காமல் உடைந்த ஜல்லியைச் செருகுகிறவரிடம், அந்த இரண்டு விரல் இடைவெளிதான் வீட்டின் ஆயுள் என்று யார் சொன்னார்கள்? எங்களில் பலர் ஆயுள் சேமிப்பை இந்தக் கான்கிரீட்டில் போட்டிருக்கிறோம்.

பேராசிரியர்களைக் குறை சொல்லி முடித்துக்கொள்ள நாங்கள் வரவில்லை. வெளிநாட்டு இதழில் கட்டுரை வந்தால் பதவி உயர்வு உண்டு. லாயிட்ஸ் சாலைக் கூட்டத்தில் தமிழில் பேசினால் எதுவும் இல்லை. அந்த விதியை மாற்றச் சொல்கிறோம். அதேசமயம் ஒரு வழக்கத்தை வெளிப்படையாக எதிர்க்கிறோம். “ஐஐடி பார்த்து ஓகே சொல்லிவிட்டது” என்ற ஒரு வரியோடு ஒப்பந்தக்காரர்களும் அதிகாரிகளும் வாயை அடைக்கிறார்கள். பார்த்தவர்கள் என்ன பார்த்தார்கள், எந்த நிபந்தனையோடு சொன்னார்கள் என்ற தாள் எங்கே? அறிவு முத்திரையாகப் பயன்படுகிறபோது அது அறிவாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது. பொதுப்பணத்தில் வாங்கிய ஒவ்வொரு ஆலோசனை அறிக்கையும், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு மாதக்கணக்கில் காத்திருக்காமல், வேலை நடக்கும் இடத்தில் பலகையிலும் வார்டின் ஏரியா சபையிலும் தமிழ்ச் சுருக்கத்தோடு வைக்கப்பட வேண்டும்.

கேள்வி கேட்கும் உரிமையும் எங்களுக்கு வேண்டும். நெதர்லாந்தில் 1970களில் பல்கலைக்கழக மாணவர்கள் ‘அறிவியல் கடை’ என்று ஒன்றைத் திறந்தார்கள். ஆய்வுக்குப் பணம் கொடுக்க முடியாத அக்கம்பக்கத்தார் கேள்வியோடு வருவார்கள்; மாணவர் ஒருவர் அதைத் தன் படிப்பின் பகுதியாக எடுத்துச் செய்து, விடையை இலவசமாகக் கொடுப்பார். இங்கே 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் பாதையைப் போட்டிருக்கிறது. கிண்டியில் ஆண்டுதோறும் எத்தனையோ எம்.இ. மாணவர்கள் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். எங்களிடம் தலைப்பு தீராது. மந்தைவெளி பஸ் டிப்போ அருகே நடப்பவர் சாலையைக் கடக்க எத்தனை நொடி காத்திருக்கிறார்? ரங்கநாதன் தெருவில் தீப்பிடித்தால் வண்டி எந்த வழியாக நுழையும்? மூன்று மண்டல அலுவலகங்களிலும், தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு, இப்படியொரு கேள்விக் கவுன்ட்டர் திறக்க வேண்டும் என்று கோருகிறோம்.

எங்கள் பங்கும் உண்டு. பிளான் அப்ரூவலுக்காகத் தோண்டிய மழைநீர்க் குழியைப் பிறகு டைல்ஸ் போட்டு மூடியவர்கள் இதில் சேரலாம். குழியைத் திறந்துவிட்டுச் சேரட்டும். போர்வெல் எத்தனை அடி என்று மறைக்காமல் சொல்லவேண்டும். கருவி வைக்க வருகிற மாணவருக்கு மொட்டைமாடிக் கதவைத் திறந்து, ஒரு டம்ளர் மோரும் கொடுக்கவேண்டும். நடைபாதையில் நிற்கிற சொந்தக் காரைப் பற்றித் தனியாகப் பேசுவோம், கூட்டம் கலைந்துவிடாமல் இருக்க.

முதல் வேலையை நாங்களே தொடங்குகிறோம். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் பல வீடுகளின் வாசல் தெருவைவிடத் தாழ்ந்துபோயிற்று. சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். எனவே வடகிழக்குப் பருவமழைக்கு முன், தெருத்தெருவாக வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ரச மட்டக் குழாய் வைத்து அளந்து, சுவரில் எழுதப்போகிறோம். நில அளவைப் பள்ளியின் வாரிசுகள் யாராவது கருவியோடு வந்தால் அளவு சுத்தமாக இருக்கும். வராவிட்டாலும் குழாயும் தண்ணீரும் எங்களிடம் இருக்கின்றன. தயாராகும் பட்டியலின் ஒரு பிரதி மண்டல அலுவலகத்துக்கு, ஒரு பிரதி கிண்டிக்கு, ஒரு பிரதி அந்தந்தத் தெருமுனை டீக்கடைக்கு.